ட்ரோன் காலத்தில் ஆவடி டாங்கிகள்: ஒரு நூற்றாண்டு எடைக் கணக்கு

உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து கைபேசியில் ஒரே மாதிரியான காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. வயலில் ஒரு டாங்கி போகிறது, மேலிருந்து சின்ன ட்ரோன் ஒன்று இறங்குகிறது, அடுத்த நொடி டாங்கியின் மேல்பகுதி பிய்த்துக்கொண்டு பறக்கிறது. இன்னொரு பக்கம், 118 அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கிகள் செய்துதரச் சொல்லி 2021 செப்டம்பரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு (எச்.வி.எஃப்.) 7,523 கோடி ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு டாங்கி 60 கோடிக்கு மேல். ட்ரோனின் விலையோ ஒரு பழைய பைக்கின் விலை. "அப்புறம் எதுக்கு இன்னும் இதைச் செஞ்சுட்டு இருக்காங்க?"

பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பக்கம் இது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் ரயிலைப் பிடித்து ஷிப்டுக்குப் போகிறவர்களும், அந்தத் தொழிற்சாலையில் ரிட்டையர் ஆனவர்களும் இருக்கிற தெருக்கள் இவை. ஆகவே அடிப்படையிலிருந்து பார்ப்போம். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடலாம்: விடை ட்ரோனை விட எடையில்தான் அதிகம் இருக்கிறது. நூறு ஆண்டுகளாக டாங்கியின் வடிவத்தை எதிரியின் குண்டு எவ்வளவு தீர்மானித்ததோ, அதே அளவுக்குப் பாலமும் ரயில் வேகனும் தீர்மானித்திருக்கின்றன.

எது டாங்கி, எது இல்லை

நம் செய்திகளில் சங்கிலிப் பட்டை மேல் ஓடும் எல்லாமே "பீரங்கி" ஆகிவிடுகிறது. மூன்றையும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. டாங்கி: கனமான கவசம், டரட் என்று சொல்லும் சுழலும் மேல்கூடு, அதில் கண்ணுக்குத் தெரியும் இலக்கை நேராகச் சுடும் பெரிய பீரங்கி. டி-72, டி-90, அர்ஜுன் எல்லாம் இந்த வகை.

2. தானாக நகரும் பீரங்கி: கே-9 வஜ்ரா போன்றது. தூரத்திலிருந்து பார்த்தால் டாங்கி மாதிரியே இருக்கும். ஆனால் 30 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள இலக்கை, பார்க்காமலேயே கணக்குப் போட்டுச் சுடுவது. கவசம் மெல்லியது.

3. காலாட்படை வண்டி: தெலங்கானாவின் மேடக்கில் தயாராகும் பி.எம்.பி. போன்றது. முக்கிய வேலை சிப்பாய்களைச் சுமப்பது.

"ஒரே நாளில் இத்தனை டாங்கி காலி" என்று வரும் வீடியோக்களில் இரண்டாவதும் மூன்றாவதும் கலந்திருக்கும்.

டாங்கி என்பது மூன்று தேவைகளுக்கு இடையிலான பேரம்: பலமாகச் சுட வேண்டும், அடி தாங்க வேண்டும், வேகமாக நகர வேண்டும். முதல் இரண்டும் எடையைக் கூட்டும். மூன்றாவது எடையைக் குறைக்கச் சொல்லும்.

1916: சேற்றைத் தாண்ட ஒரு பெட்டி

1916 செப்டம்பர் 15, பிரான்சின் சோம் போர்க்களம். பிரிட்டன் முதன்முதலாக மார்க் 1 டாங்கிகளை இறக்கியது. எடை 28 டன், என்ஜின் 105 குதிரைத்திறன், வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். உள்ளே எட்டுப் பேர். வண்டியை ஓட்டித் திருப்புவதற்கு மட்டும் அதில் நான்கு பேர் வேண்டியிருந்தது. என்ஜின் தனி அறையில் இல்லை, ஆட்களுக்கு நடுவிலேயே உறுமிக்கொண்டிருந்தது. வெப்பம் 50 டிகிரியைத் தொட, புகையில் ஆட்கள் மயங்கி விழுந்தார்கள். கொண்டுவந்த 49 டாங்கிகளில் பல, சண்டை தொடங்குவதற்கு முன்பே பழுதாகி நின்றன.

இருந்தும் அது செய்த ஒரு வேலை அதுவரை யாராலும் முடியாதது. முள்கம்பியை மிதித்து, பதுங்குகுழியைத் தாண்டி, இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகளைத் தாங்கிக்கொண்டு போனது. காரணம் சங்கிலிப் பட்டை. மணலியிலிருந்து துறைமுகத்துக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கோடு 40 டன் வரை எடை. டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7, 8 கிலோ அழுத்தம். மழைக்காலத்தில் சாலையோரச் சேற்றில் இறங்கினால் புதைந்துவிடும். 68 டன் அர்ஜுனோ, அகலமான இரண்டு பட்டைகளில் எடையைப் பரப்பி நிற்பதால், சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கும் குறைவாகவே அழுத்துகிறது. லாரி புதையும் சேற்றில் டாங்கி நகர்வது இதனால்தான்.

1917-ல் பிரான்சின் ரெனோ எஃப்.டி. வந்தது. வெறும் 7 டன், இரண்டே ஆட்கள். ஓட்டுநர் முன்னால், என்ஜின் பின்னால், நடுவில் முழு வட்டமும் சுழலும் டரட். இன்றைக்கு ஆவடியிலிருந்து வெளிவரும் டாங்கிக்கும் அதே அமைப்புதான்.

பாலம், வேகன், கப்பல்

இரண்டாம் உலகப் போரில் எந்த டாங்கி சிறந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதற்குள் போகாமல் எடையை மட்டும் பார்த்தாலே பாதி கதை புரியும்.

1940-ல் வந்த சோவியத் டி-34 சுமார் 26 டன். அதன் முன்பக்கக் கவசம் 45 மில்லிமீட்டர்தான். ஆனால் நன்றாகச் சாய்த்துப் பொருத்தியிருந்தார்கள். சாய்வான தகட்டை நேரே வரும் குண்டு துளைத்துப் போக வேண்டிய தூரம், தகட்டின் தடிமனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடையைக் கூட்டாமல் கிடைத்த பாதுகாப்பு! உள்ளே வி-2 என்ற 12 சிலிண்டர், 38.8 லிட்டர் டீசல் என்ஜின், 500 குதிரைத்திறன்.

இந்த என்ஜினை இங்கே தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. அதே குடும்பத்தின் அதே 38.8 லிட்டர் வழித்தோன்றல்கள்தான் இன்று டி-72-க்கும் டி-90-க்கும் உயிர்கொடுக்கின்றன. டி-90-ல் இருப்பது 1,000 குதிரைத்திறன். அதைச் செய்வது 1987-ல் தொடங்கிய ஆவடி என்ஜின் தொழிற்சாலை. வெளிநாட்டுப் பாகங்களை நம்பாமல் முழுக்க இங்கேயே செய்த என்ஜின்களை 2018 ஜூலையில் ராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். போருக்கு முந்தைய கார்கிவ் பட்டறையில் பிறந்த ஒரு வடிவமைப்பு, எண்பது ஆண்டு கழித்துப் பட்டாபிராம் லைனில் தயாராகிறது.

ஜெர்மானியர்கள் எதிர்த்திசையில் போனார்கள். டைகர் 57 டன். களத்தில் ஓட்ட அகலமான பட்டை தேவை. அந்தப் பட்டையோடு ரயிலில் ஏற்றினால் வேகனை விட்டு வெளியே நீட்டும். எனவே ஒவ்வொரு டைகருக்கும் இரண்டு ஜோடிப் பட்டை: ரயிலுக்குக் குறுகலானது, சண்டைக்கு அகலமானது. ஏற்றும்போது ஒரு முறை, இறக்கும்போது ஒரு முறை கழற்றி மாட்ட வேண்டும். ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் டைகர்கள்தான் கட்டப்பட்டன. டி-34 ஐம்பதாயிரத்துக்கும் மேல். அமெரிக்க ஷெர்மன் 30 டன் சுற்றிலேயே நின்றதற்கு, அது கப்பலில் ஏறிக் கடல் தாண்டி, இறங்கிய இடத்தில் கிடைக்கும் பாலத்தைக் கடக்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம்.

எடையின் பைத்தியக்கார எல்லை ஜெர்மனியின் மௌஸ், 188 டன். அதைத் தாங்க ஐரோப்பாவில் பாலம் கிடையாது. ஆற்றின் அடியிலேயே ஓட்டிப் போகலாம் என்று திட்டம் போட்டார்கள். இரண்டு மாதிரிகளோடு கதை முடிந்தது.

துளைப்பதில் இரண்டு வகை

ட்ரோன் வீடியோக்களைப் புரிந்துகொள்ள இந்தப் பகுதி அவசியம்.

1. வேகத்தால் துளைப்பது. டங்ஸ்டன் போன்ற கனமான உலோகத்தில் செய்த நீண்ட, மெல்லிய அம்பு, நொடிக்கு 1,500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் போய்க் கவசத்தில் இறங்கும். வெடிமருந்து எதுவும் அதில் இல்லை. அந்த வேகம் வர நீளமான, கனமான குழல் வேண்டும். குழலின் உதையைத் தாங்கக் கனமான வண்டி வேண்டும். அதாவது, இதைச் சுட ஒரு டாங்கி வேண்டும்.

2. வெடிப்பால் துளைப்பது. புனல் வடிவச் செம்புத் தகட்டின் பின்னால் வெடிமருந்து. வெடித்ததும் செம்பு நசுங்கி, நொடிக்கு பல கிலோமீட்டர் வேகத்தில் பாயும் மெல்லிய தாரையாக மாறி எஃகில் ஓட்டை போடும். குண்டு எவ்வளவு வேகமாக வந்து சேர்ந்தது என்பது இங்கே பொருட்டே இல்லை. தோளில் வைத்துச் சுட்டாலும் சரி, ஆமை வேகத்தில் பறந்து வந்தாலும் சரி, தொட்ட இடத்தில் ஒரே பலன்தான்.

இரண்டாவது வகை கண்டுபிடிக்கப்பட்ட நாளிலேயே டாங்கிக்கு ஏழரை தொடங்கிவிட்டது. ஒரு தனி ஆள் டாங்கியை வீழ்த்த முடியும் என்றாகிவிட்டது. ட்ரோன் செய்திருப்பது, அந்தப் பழைய செம்புப் புனலுக்கு இறக்கை கட்டியது.

"டாங்கி செத்துவிட்டது": பல தடவை கேட்ட தீர்ப்பு

1965 செப்டம்பர், பஞ்சாபின் அசல் உத்தர். இந்தியத் தரப்பு வாய்க்கால்களை உடைத்து வயல்களில் தண்ணீர் பாய்ச்ச, பாகிஸ்தானிடம் இருந்த, அன்றைய நவீன அமெரிக்கத் தயாரிப்பான பாட்டன் டாங்கிகள் கரும்புக் காட்டுச் சேற்றில் சிக்கின. ஒளிந்திருந்த சென்சூரியன் டாங்கிகளும், ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீட்டர் பீரங்கிகளும் அவற்றை அடித்தன. அந்த ஜீப் ஒன்றிலிருந்து போரிட்டு உயிர்விட்ட அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. பாகிஸ்தான் அங்கே 97 டாங்கிகளை இழந்ததாக இந்தியக் கணக்கு சொல்கிறது. விலை மலிவான ஆயுதம் விலை உயர்ந்த டாங்கியைக் கொல்வது 2022-ல் தொடங்கிய புதுமை இல்லை.

1971 டிசம்பரில் ராஜஸ்தானின் லோங்கேவாலா மணலில் சிக்கிய பாகிஸ்தான் டாங்கிகளை ஜைசல்மரிலிருந்து வந்த இந்திய ஹண்டர் விமானங்கள் வேட்டையாடின. அடி மேலிருந்து விழுந்தது. 1973 அக்டோபரில் சினாய் பாலைவனத்தில் எகிப்தியச் சிப்பாய்கள் ஒரு பெட்டியைத் திறந்து, கம்பி வழியே கைப்பிடியால் இயக்கும் ஏவுகணையை விட்டு இஸ்ரேலிய டாங்கிகளை நொறுக்கினார்கள். (இன்று ரேடியோ ஜாமரைத் தாண்ட ட்ரோன்களின் பின்னால் கண்ணாடி இழை கட்டி விடுகிறார்கள். கம்பி திரும்ப வந்துவிட்டது.) அப்போதும் உலகம் முழுக்க டாங்கிக்கு இரங்கல் எழுதினார்கள்.

பதிலாக வந்தவை இரண்டு. பீங்கானும் எஃகும் அடுக்கிய கலப்புக் கவசம் ஒன்று. அர்ஜுனின் காஞ்சன் கவசம் இந்தக் குடும்பம். இன்னொன்று வெடிக்கும் கவசம்: டாங்கியின் மேல் செங்கல் செங்கலாக ஒட்டியிருக்குமே, அதுதான். செம்புத் தாரை தொட்டதும் அந்தப் பெட்டி வெளிப்பக்கம் வெடித்துத் தாரையைக் கலைக்கும். இரண்டும் பலன் தந்தன. இரண்டும் எடையையும் கூட்டின. 1991 வளைகுடாப் போரில் புழுதியிலும் இருட்டிலும் வெப்பப் படக் கருவியால் முதலில் பார்த்து முதலில் சுட்ட அமெரிக்க டாங்கிகள் ஜெயித்ததும், இரங்கல் எழுதியவர்கள் கொஞ்ச காலம் அமைதியானார்கள்.

டரட் ஏன் பறக்கிறது

சோவியத் வடிவமைப்பாளர்கள் எடைக்கு வேறொரு வழி கண்டார்கள். குண்டு நிரப்பும் ஆளை எடுத்துவிட்டு, அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்தார்கள். ஒரு ஆள் குறைந்தால் உள்ளே இடம் குறையும். இடம் குறைந்தால் கவசம் மூட வேண்டிய பரப்பு குறையும். நான்கு பேர் போகும் மேற்கத்திய டாங்கிகள் 55, 60 டன்னைத் தாண்ட, மூன்று பேர் போகும் டி-72 நாற்பத்திச் சொச்சம் டன்னில் நின்றது. ரயிலில் ஏற்ற எளிது, பாலம் தாங்கும், விலையும் குறைவு. இந்தியா அதை வாங்கி ஆவடியில் கட்டியதற்கும், பின்னால் 46 டன் டி-90-ஐத் தேர்ந்ததற்கும் இது பெரிய காரணம்.

இதற்குக் கொடுத்த விலை: குண்டுகள் டரட்டுக்கு நேர் கீழே, தரையில் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆட்கள் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். செம்புத் தாரை அதைத் தொட்டால் மொத்தமும் ஒன்றாக வெடிக்கும். பல டன் டரட் மூடி மாதிரி எகிறும். அமெரிக்க ஏப்ரம்ஸில் குண்டுகள் டரட்டின் பின்னால் தனி அறையில் இருக்கும், வெடித்தால் மேல் பலகைகள் பிய்ந்து தீ வெளியே போய்விடும். வண்டி வீணாகலாம், ஆட்கள் தப்ப வாய்ப்பு அதிகம். எனக்குக் கேட்டால், ட்ரோன் வீடியோக்கள் காட்டுவதில் பாதி ட்ரோனின் சாமர்த்தியம், மீதி இந்த ஐம்பதாண்டுப் பேரத்தின் பாக்கி.

கூரையைத் தடிமனாக்கினால் என்ன?

டாங்கியின் முன்பக்கம்தான் கனமான கவசம். கூரையில் சில சென்டிமீட்டர் எஃகுதான். எதிரி நேரே வருவான் என்ற கணக்கில் கட்டியது அது. ஜாவெலின் ஏவுகணை மேலே ஏறிக் கூரையில் குத்துவதும், ட்ரோன் கூரையைத் தேடி இறங்குவதும் இதனால்தான்.

சரி, கூரைக்கு 10 சென்டிமீட்டர் எஃகு சேர்ப்போம். நீளம் 7 மீட்டர், அகலம் 3.5 மீட்டர் என்று வைத்தால் 24.5 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் தடிமனுக்கு 2.45 கன மீட்டர் எஃகு. ஒரு கன மீட்டர் எஃகு 7.85 டன். ஆக 19 டன். 68 டன் அர்ஜுன் 87 டன்னாகிவிடும்.

இந்த 87 டன்னை எங்கே ஓட்டுவது? நம் சாலைப் பாலங்களுக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிகளில் 70ஆர் என்று ஒரு சுமை வகுப்பு உண்டு. அதன் ஒரு வடிவம், 70 டன் எடையுள்ள பட்டை வண்டி ஒன்று பாலத்தின் மேல் நிற்பதாக வைத்துப் போடும் கணக்கு. நாம் பைக்கில் ஏறி இறங்கும் மேம்பாலத்தின் வரைபடத்திலும் ஒரு டாங்கி ஒளிந்திருக்கிறது என்று சொல்லலாம். அர்ஜுன் மார்க் 1ஏ அந்த எல்லைக்கு 2 டன் கீழே நிற்கிறது. பழைய பாலங்களுக்கும் எல்லையோரக் கால்வாய்ப் பாலங்களுக்கும் அதுவே அதிகம்.

ரயில் இன்னும் கறார். பெரம்பூர் ஐ.சி.எஃப்.-ல் தயாராகும் பயணிகள் பெட்டியின் அகலம் ஏறக்குறைய 3.24 மீட்டர். நம் பாதையில் ஓடும் பெட்டிகளுக்கான எல்லை 3.25. அர்ஜுனின் அகலம் 3.86 மீட்டர். வேகனில் ஏற்றினால் இரு பக்கமும் சுமார் 30 சென்டிமீட்டர் வெளியே நிற்கும். ஆகவே அது எப்போதும் தனி வேகன், தனி அனுமதி, எதிர்வண்டியைப் பார்த்து மெதுவாகப் போகும் பயணம். 1974-ல் அனுமதி பெற்ற திட்டம், 2004 வாக்கில் படைக்குப் போகத் தொடங்கியது. அதன் பீரங்கியையும் ஓட்டத்தையும் பலர் பாராட்டினாலும், எண்ணிக்கையில் டி-72, டி-90-ஐ நெருங்க முடியாததில் இந்த எடைக்கும் அகலத்துக்கும் பங்குண்டு. தாமதத்துக்கும், ஜெர்மன் என்ஜினை நம்பியிருந்ததற்கும் பங்கு இல்லாமல் இல்லை.

எனவே கூரைக்கான பதில் எஃகாக இருக்க முடியாது. இப்போது முயற்சியில் இருப்பவை:

1. கம்பிக் கூண்டு. மலிவு, உடனே கிடைக்கும். ட்ரோனைக் கூரைக்குச் சற்று முன்பே வெடிக்க வைக்கும் முயற்சி. 2024-ல் ரஷ்யர்கள் டாங்கி முழுவதையும் தகரக் கொட்டகையால் மூடி ஓட்டினார்கள். டரட்டைத் திருப்ப முடியாமல் போனதுதான் மிச்சம்.

2. ஜாமர். ட்ரோனின் ரேடியோவைக் குழப்பும். கண்ணாடி இழை ட்ரோனிடம் பலிக்காது.

3. எதிர்த்தாக்கும் கருவி. ரேடார் வரும் குண்டைப் பார்த்ததும் எதிர்க்குண்டு வீசி வழியிலேயே அழிக்கும். இஸ்ரேலின் ட்ரோஃபி 2011-லிருந்து களத்தில் இருக்கிறது. எஃகை விட மிகக் குறைந்த எடை. ஆனால் கையிருப்புக் குண்டு தீர்ந்தால் வெறுங்கை.

4. ஆளில்லாத டரட். ஆட்கள் எல்லோரும் முன்பக்கக் கவசக் கூண்டுக்குள். ரஷ்யா 2015-ல் அணிவகுப்பில் காட்டிய ஆர்மாட்டா இப்படி. டரட்டுக்குள் ஆள் இல்லையென்றால் அங்கே கனமான கவசமும் வேண்டாம்.

நான்கில் மூன்றாவதும் நான்காவதும்தான் நிலைக்கும் என்று தோன்றுகிறது.

மலையில் மறுபடியும் இலேசான டாங்கி

2020-ல் லடாக்கில் சீனாவுடன் மோதல் வந்தபோது டி-72, டி-90 டாங்கிகளை 14,000 அடிக்கு மேலே கொண்டுபோனார்கள். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். என்ஜின் மூச்சு வாங்கும். எதிரே சீனா நிறுத்தியது 35 டன் அளவிலான டைப்-15.

இதற்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. 1948 நவம்பர் 1-ல், 11,500 அடி உயர ஜோஜி லா கணவாயில் இந்திய ராணுவம் ஸ்டூவர்ட் டாங்கிகளை இறக்கி எதிரியைத் திகைக்க வைத்தது. எடை 15 டன் அளவே. வழியிலிருந்த பாலங்கள் அதையும் தாங்காது என்பதால் டரட்டைக் கழற்றித் தனியே ஏற்றிப் போனார்கள். கோவேறு கழுதைத் தடத்தை டாங்கி ஏறும் பாதையாக்கியவர்கள் ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர்.

இப்போதைய பதில் ஜோராவர்: 25 டன், 105 மில்லிமீட்டர் பீரங்கி. 2024 ஜூலையில் வெளியே காட்டினார்கள், அந்த ஆண்டு டிசம்பருக்குள் லடாக் உயரத்தில் சுட்டுப் பார்த்துவிட்டார்கள். அடுத்து, டி-72-க்கு மாற்றாக 1,770 புதிய டாங்கிகளுக்கான திட்டம், எஃப்.ஆர்.சி.வி. என்ற பெயரில். பாதுகாப்பு அமைச்சகம் 2024 செப்டம்பரில் அதற்கு முதற்கட்ட ஒப்புதல் தந்தது. உள்நாட்டு 1,500 குதிரைத்திறன் என்ஜினின் முதல் ஓட்டச் சோதனை அதே ஆண்டு மார்ச்சில் மைசூருவில் நடந்தது.

ஆக, டாங்கி போய்விடுமோ என்ற கவலைக்கு இப்போதைக்கு இடமில்லை. பட்டாபிராம் ரயிலில் ஏறுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஜோராவரை வரைந்தது ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ. கட்டியது குஜராத்தின் ஹசிராவில், எல் அண்ட் டி நிறுவனம். இந்தியா விஜயந்தாவில் தொடங்கி அர்ஜுன் வரை 1965-லிருந்து கட்டிய எல்லா டாங்கிகளும் எச்.வி.எஃப். வாசல் வழியாகத்தான் வெளியே வந்தன. 1,770-க்கான போட்டியில் அந்த வாசலோடு தனியார் வாசல்களும் நிற்கப்போகின்றன.